கிரீஸ் ரவுண்டு

நமக்குத் தெரிந்ததை நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டுவது பெரிய கஷ்டம் இல்லை. அந்த நாலு பேரும் நம் சொந்தக்காரர்களாக இருந்து, நம் போட்டோ போட்ட பேனரைக் குட்டியானை வண்டியின் முன்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கும்போதுதான் விஷயம் கை மீறிப் போகிறது. எனக்கு அது நடந்திருக்கிறது. அந்த பேனரில் "எங்கள் குலத்தின் அறிவுச் சுடர்" என்று எழுதியிருந்தது. உபயம், என் சித்தப்பா.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், டிராக்டருக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். மெயின்டனன்ஸ் பிரிவு. அந்தப் பிரிவில் என்னைத் தவிர வேறு பெண் கிடையாது. முதல் மாதம் முழுக்க என்னை விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இரண்டாவது மாதம் ஒரு கன்வேயரின் பேரிங்கை நானே கழற்றி மாட்டிய பிறகு, டீ நிற்க ஆரம்பித்தது, வேலை வர ஆரம்பித்தது. டிரெய்னி காலம் முடியப் போகிற நேரம். நிரந்தரம் ஆக்குவார்களா, "நல்லா பண்ணீங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்வார்களா என்று தெரியாத நேரம். அந்தச் சமயத்தில்தான் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு இடையே வினாடி வினாப் போட்டி வந்தது.

ஒரு கம்பெனிக்கு இரண்டு பேர். எங்கள் கம்பெனியில் இருந்து நானும் கஜேந்திரன் அண்ணனும். கஜா அண்ணன் எங்கள் பிரிவின் மூத்த மெக்கானிக். இளவயதில் கபடி ஆடியவர். எந்த விளையாட்டில் எந்த நாடு எப்போது தோற்றது என்று கேட்டாலும் உடனே சொல்வார் (ஜெயித்ததைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்). எப்படியோ முட்டி மோதி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரணி, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெயின்ட் கம்பெனி.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் பிளான்ட் மேனேஜர் தேவராஜன் சார் எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"இப்பதான் போன் வந்தது. ஃபைனல்ல மூணு ரவுண்டு. ஸ்போர்ட்ஸ், தமிழ்நாடு, கிரீஸ்."

நானும் கஜா அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேர் சட்டையிலும் அப்போது கிரீஸ்தான் இருந்தது.

"சார், இது நமக்காகவே வெச்ச மாதிரி இருக்குது" என்றார் கஜா அண்ணன்.

"அதான் நானும் சொல்றேன். இதுல கோட்டை விட்டீங்கன்னா நான் வெளியில தலை காட்ட முடியாது" என்றார் சார்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், "எந்த கிரீஸ் சார்?" என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இரும்பு உருக்குகிறவர்களும் பல்சக்கரம் கடைகிறவர்களும் சேர்ந்து நடத்தும் போட்டியில் கிரீஸ் என்று சொன்னால், டப்பாவில் வரும் கிரீஸைத் தவிர வேறு எது மனசில் வரும்? தேவராஜன் சார் ஒருபடி மேலே போய், கம்பெனிக்கு கிரீஸ் சப்ளை செய்கிறவரையே வரவழைத்து எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுக்கவைத்தார்.

நான் படித்தேன். அப்படி ஒரு படிப்பைப் பாலிடெக்னிக்கில் படித்திருந்தால் தங்கப் பதக்கம் வாங்கியிருப்பேன். எண்ணெயையும் ஒரு வகைச் சோப்பையும் கலந்தால் கிரீஸ். லித்தியம் சோப்பு, கால்சியம் சோப்பு, அலுமினியம் சோப்பு. தண்ணீர் படும் இடத்துக்கு எது, சூடான இடத்துக்கு எது, எந்தச் சூட்டில் உருகிச் சொட்டும், பேரிங்குக்கு எத்தனையாம் நம்பர். கம்பெனி பஸ்ஸில் முணுமுணுத்தேன், சாப்பிடும்போது முணுமுணுத்தேன். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், எங்கள் பக்கம் அது சகஜம்) இரும்புக் கிடங்கில் லோடு ஏற்றிவிட்டு வந்து, களைப்போடு தாளைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"பம்புக்கு இன்னா கிரீஸ்?"

"கால்சியம், நைனா."

"ரோசு, கேட்டியா? எவ்ளோ தெரிஞ்சு வெச்சிக்கினு இருக்குது நம்ம பொண்ணு."

ரோசு என்பது என் அம்மா, ரோஸ்மேரி. பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்தின் உண்மையான வினாடி வினா வீராங்கனை அம்மாதான். எங்கள் சபையில் வருஷா வருஷம் நடக்கும் வேத வினாடி வினாவில் அம்மாவைத் தோற்கடித்தவர் இல்லை. எங்கள் வீட்டுத் தவலை, குண்டான், தூக்கு எல்லாம் பரிசாக வந்தவை. அம்மாவுக்கு ஒரே ஒரு வியாதி. காதில் ஒரு கேள்வி விழுந்தால் பதில் வாயிலிருந்து தானாக வந்துவிடும். டிவியில் யாரோ யாரையோ கேட்கும் கேள்விக்கு எங்கள் தெருவே கேட்கிற மாதிரி பதில் சொல்வார். போட்டோவில் இருக்கும் தாத்தாவைக் கேட்டாலும் அம்மாதான் பதில் சொல்லும் என்று நைனா கேலி செய்வார்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் குட்டியானை வந்து நின்றது. பேனரில் நான் பத்தாம் வகுப்பில் எடுத்த போட்டோவில் முறைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து சித்தப்பா, சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். எங்களில் ஒருத்தி மேடையில் ஏறி உட்காரப் போகிறாள் என்றால் சும்மா வருவார்களா? நைனா புதுச்சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். அம்மா ஈஸ்டருக்கு எடுத்த சேலை. கையில் ஒரு டப்பா முறுக்கு.

"அம்மா, உள்ள வந்து அமைதியா உக்காரணும்" என்றேன்.

"நான் இன்னா குழந்தையா? போய் கப்ப வாங்கிக்கினு வா" என்றார் அம்மா.

போட்டியை நடத்தியவர் குணசீலன் சார். கப்பலில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுப்பள்ளிப் பக்கம் வீடு. வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. அவர் முதலில் விதிகளைச் சொன்னார். கேள்வி முடிவதற்குள்கூட பஸ்ஸரை அழுத்தலாம், ஆனால் தப்பாகச் சொன்னால் மதிப்பெண் குறையும். கீழே இருந்து யாராவது பதில் சொன்னால், அவர்கள் எந்த அணியோடு வந்தவர்களோ, அந்த அணியின் எதிரணிக்கு மதிப்பெண் போய்விடும். மண்டபமே அமைதியாகக் கேட்டது. என் அம்மா மட்டும் கேட்கவில்லை. அவர் அப்போது ஐந்தாவது வரிசையில் முறுக்கு விநியோகத்தில் இருந்தார்.

முதல் இரண்டு ரவுண்டும் எங்கள் பக்கம்தான். விளையாட்டில் கஜா அண்ணன் யாரையும் பஸ்ஸர் பக்கம் வரவிடவில்லை. தமிழ்நாடு ரவுண்டில் ஆறு, அணை, மலை என்று நான் பொளந்து கட்டினேன். இருபது மதிப்பெண் முன்னால் இருந்தோம். முன்வரிசையில் தேவராஜன் சார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மிச்சம் இருந்தது கிரீஸ் மட்டும். கல்யாணம் முடிந்து பந்திக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது எனக்கு.

குணசீலன் சார் மைக்கைச் சரிசெய்தார்.

"அடுத்து கிரீஸ். கிரீஸ் மட்டும் இல்லேன்னா, இன்னைக்கு நாம பார்க்கிற இந்த நவீன உலகமே ஓடியிருக்காது."

கஜா அண்ணன் என் முழங்கையைத் தட்டி, "கரெக்டா சொல்றாரு பாரு" என்றார். தேவராஜன் சார் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"முதல் கேள்வி. கிரீஸ்னு சொன்ன உடனே, உலகம் முழுக்க எல்லாருக்கும் முதல்ல ஞாபகத்துக்கு வர்ற பேரு..."

அழுத்திவிட்டேன். கேள்வியை முடிக்க விட்டால்தானே எதிரணிக்கு வாய்ப்பு? நிமிர்ந்து உட்கார்ந்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

"லித்தியம்."

குணசீலன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா?"

"லித்தியம் சார்."

"லித்தியம்... லித்தியம்..." அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். நல்ல மனிதர். "பழைய கிரேக்கக் கவிஞர்கள்ல அப்படி ஒருத்தரை நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா. எந்தக் காலத்து ஆளு?"

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

"நம்பர் டூ, சார்."

"ரெண்டாம் நூற்றாண்டா?"

"இல்ல சார். பேரிங்குக்கு."

அந்த நொடியில்தான் எங்களுக்குப் பின்னால் இருந்த திரையில் படம் வந்தது. நீலக் கடல், வெள்ளை வீடுகள், உடைந்த தூண்கள். மேலே பெரிய எழுத்தில், "கிரீஸ்: பழங்காலக் கவிதையும் ஊர்ப் பெயர்களும்."

கஜா அண்ணன் திரும்பிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "ஸ்டெல்லா, இது நாடும்மா" என்றார் மெதுவாக. முன்வரிசையில் தேவராஜன் சார் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். மண்டபத்தில் ஒரு மூலையில் சிரிப்பு தொடங்கி, வரிசை வரிசையாகப் பரவியது. எதிரணியில் இருந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் முகமும் வெளுத்திருந்தது. (அவர்களும் ஒரு வாரம் உட்கார்ந்து அதே டப்பாவைத்தான் படித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.)

எழுந்து ஓடிவிடலாம் என்று ஐந்தாவது வரிசையைப் பார்த்தேன். அங்கே என் குடும்பம் கைதட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது மேடை வரைக்கும் கேட்டது: "எங்க பொண்ணு சொன்னது அந்த ஆளுக்கே தெரியல பாரு. கேள்வி கேக்கறவனே முழிக்கிறான்."

இப்படிக் கைதட்டுகிறவர்களை உட்காரவைத்துவிட்டு எப்படி ஓடுவது? சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸர் மேல் கையை வைத்தேன்.

"பழைய கிரேக்கர்கள் கவிதையைச் சும்மா படிக்க மாட்டாங்க, ஒரு நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கிட்டுப் பாடுவாங்க. பாட்டு வரிகளுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற பேரே அந்த வாத்தியத்தில இருந்து வந்ததுதான். அது என்ன வாத்தியம்?"

பாட்டு வரி என்றால் லிரிக்ஸ். லிரிக்ஸ் எதிலிருந்து வரும்? லிர்... லைர். எங்கோ ஒரு புத்தகத்தில், கொம்பு வைத்த சிறு யாழ் மாதிரி ஒரு படம் பார்த்த ஞாபகம். அழுத்தினேன். "லைர்."

"சரியான விடை."

லித்தியம் போனால் போகட்டும் என்று தோன்றியது. அடுத்த கேள்வி, அவர்களுடைய வீரக் கவிதைகளின் யாப்பு பற்றி. "அதுக்குப் பேரு ஹெக்ஸாமீட்டர். அப்படின்னா ஒரு அடிக்கு எத்தனை சீர்?" யாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கையை விட்டுவிட்டேன். கஜா அண்ணன் அழுத்தினார்.

"ஆறு, சார்."

"சரி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஹெக்ஸ் போல்ட்டுக்கு ஆறு பக்கம் சார்."

மண்டபம் அதிர்ந்தது. இந்த முறை அது கேலிச் சிரிப்பு இல்லை. ஊரில் பாதிப் பேர் அந்த போல்ட்டை முறுக்குகிறவர்கள்.

எதிரணியும் லேசுப்பட்டது இல்லை. ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் மாரத்தான் என்றார்கள், விளையாட்டுத் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்த ஊர் ஒலிம்பியா என்றார்கள். நாங்கள் நடுவில் ஒரு தீவின் பெயரைத் தப்பாகச் சொல்லி மேலும் இழந்தோம். கடைசியில் இரண்டு அணியும் சமம். ஒரே ஒரு கேள்வி பாக்கி.

"ரெண்டு கடலுக்கு நடுவுல, ஒடுங்கின நிலத்துல இருக்கிற நகரம். ரெண்டு பக்கமும் துறைமுகம். பழைய கவிதைகளில செல்வம் கொழிக்கிற ஊர்னு பாடியிருக்காங்க. இந்த ஊர் சபைக்கு எழுதின ரெண்டு கடிதத்தை இன்னைக்கும் உலகம் முழுக்க..."

அழுத்தினேன். எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். தொட்டிலில் இருந்த நாள் முதல் ஞாயிறுதோறும் சபையில் பைபிள் வாசிக்கும்போது காதில் விழுந்த பெயர். உடனே சொல்லியிருந்தால் கோப்பை எங்களுடையது.

ஆனால் எனக்கு ஒரு சின்ன ஆசை. சொல்லுவதற்கு முன் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தேவராஜன் சாரைப் பார்க்க வேண்டும், நைனாவைப் பார்க்க வேண்டும், லித்தியத்துக்குச் சிரித்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்ல வேண்டும். டிவியில் ஜெயிக்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கண்ணை மூடி, பதில் தெரியாதவள் மாதிரி நெற்றியைத் தேய்த்தேன்.

ஐந்தாவது வரிசையில் இருந்து அதைப் பார்த்த ஒரு தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

"கொரிந்து."

அம்மா எழுந்து நின்றிருந்தார். சபையில் பதில் சொல்லும்போது நிற்பது மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று.

குணசீலன் சார் தயக்கத்தோடு கேட்டார். "அம்மா, நீங்க எந்த டீமோட வந்தீங்க?"

"நான் ஸ்டெல்லாவோட அம்மா" என்றார் அம்மா. அவ்வளவு பெருமையாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் ஒரு போட்டியைத் தோற்றுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

விதி விதிதான். மதிப்பெண் பெயின்ட் கம்பெனிக்குப் போனது, கோப்பையும் போனது. கஜா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் பேஜாராயிடுச்சும்மா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது நைனா எழுந்தார். மேடையைப் பார்த்துக் கேட்டார். "சார், ரூல்ஸ் நீங்க சொல்றது. அத நான் கேக்கல. எங்க ஊட்ல சொன்ன பதில் கரெக்டா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"நூத்துக்கு நூறு கரெக்ட்ங்க" என்றார் குணசீலன் சார்.

"போதும் சார்." நைனா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

பரிசளிப்பு முடிந்ததும் அம்மா நேராக மேடைக்கு ஏறிவிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மா கேட்டது வேறு.

"சார், கப்பல்ல போனீங்கன்னு சொன்னாங்க. கொரிந்து நெஜமாவே இருக்குதா?"

"இருக்கும்மா. நான் போயிருக்கேன்."

"தெசலோனிக்கே? பிலிப்பி?"

"தெசலோனிக்கே பெரிய துறைமுகம். நாலஞ்சு தடவை இறங்கியிருக்கேன். பிலிப்பியில இப்போ இடிஞ்ச கல்லுங்கதான்."

அம்மா அவருடைய கால்களையே பார்த்தார். முப்பது வருஷமாக அந்த ஊர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாத்திரம் வாங்கியவர். அங்கே காலை வைத்த ஒரு மனிதரை அப்போதுதான் நேரில் பார்க்கிறார்.

"ஜனங்க இருக்காங்களா சார், கொரிந்துல? இன்னா பண்றாங்க?"

"நம்மள மாதிரிதான். கடலோரத்துல மீன் விக்கிறாங்க. விலை பேசி சண்டை போடறாங்க."

"நம்ம பழவேற்காடு மாதிரியா?"

"அச்சு அசலா அதேதான்மா."

அம்மா சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. மிச்சம் இருந்த முறுக்கை டப்பாவோடு அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். குட்டியானையில் வீடு திரும்பும்போது நான் மட்டும்தான் தோற்றுப் போனவள். மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஜெயித்த மாதிரிப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

திங்கட்கிழமை தேவராஜன் சார் கூப்பிட்டார். கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் தண்ணீர் குடித்தார்.

"ரெண்டாம் நூற்றாண்டான்னு கேட்டாரு பாரு..." மறுபடி சிரிப்பு. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என் மேலதான். போன்ல நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். சரி, அத விடுங்க. இந்த பிளான்ட்டுல கிரீஸைப் பத்தி உங்க அளவுக்குப் படிச்சவங்க யாரும் இல்ல ஸ்டெல்லா. எந்த மெஷினுக்கு எது, எவ்வளவு, எப்ப போடணும், எல்லாம் இனிமே உங்க பொறுப்பு. ஆர்டர் இந்த மாசமே வந்துடும்."

அப்படித்தான் நான் நிரந்தரம் ஆனேன். அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் கையில் கிடைத்த கிரீஸை அப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பொறுப்பு எடுத்த பிறகு பேரிங் எரிந்து லைன் நிற்பது வெகுவாகக் குறைந்தது. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், தற்பெருமைதான். இன்றைக்கு ஷாப் ஃப்ளோரில் என் பெயர் கிரீஸ் மேடம். புதிதாகச் சேரும் டிரெய்னிப் பெண்கள் (இப்போது எங்கள் பிரிவில் ஆறு பேர் இருக்கிறார்கள்) காரணம் கேட்டால், கஜா அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு முழுக் கதையையும் சொல்வார்.

வீட்டில் அது வேறு மாதிரி நிலைத்துவிட்டது. யாராவது கேட்கப்பட்டவரை முந்திக்கொண்டு பதில் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கொரிந்து. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்குதா?" என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அம்மா, "ரொம்பப் பிடிச்சிருக்குது" என்றார். "கொரிந்து" என்றார் நைனா. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் கேசரியைப் பார்த்தார்கள். (பதில் சரிதான். அன்றும் சரிதான்.)

போட்டி இன்னும் வருஷா வருஷம் நடக்கிறது. நானும் கஜா அண்ணனும் அதற்குப் பிறகு இரண்டு முறை கோப்பையை வாங்கிவிட்டோம். குணசீலன் சார்தான் இன்றும் நடத்துகிறார். கீழே இருந்து பதில் சொல்லக் கூடாது என்ற விதியை வாசிக்கும் முன் மைக்கை இறக்கிவிட்டு, "கொரிந்து அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்பார். என் அம்மா ஐந்தாவது வரிசையில் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பி வணக்கம் சொல்லிவிட்டு உட்காருவார். அப்போது எழும் கைதட்டல், இரண்டு முறை கோப்பை வாங்கிய எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.